மண்டலங்கள் கலப்பது பற்றிய மறுப்பு

மருதனார்மடம்
1947 செப்டம்பர் 9

உடுவில் தம்பிஐயா உபாத்தியாயர் அவர்களுக்கு,

சுகம் விசாரிக்க எழுதும் கடிதம் அல்ல இது. ஒரு மைல் கட்டை தூரத்தில் இருக்கிறவருக்குத் தபாலில் எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். நேரே வந்தால் என் வாய் சும்மா இராது. உங்கள் மகள் மீனாம்பிகை அந்த வீட்டில் இருக்கிற பிள்ளை. அவள் காதில் விழக்கூடாது என்றுதான் முத்திரை ஒட்டுகிறேன்.

நேற்றுச் சந்தையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டு நின்றேன். தேவராசா ஒரு மாதப் பத்திரிகையைக் கொண்டுவந்து, "அண்ணை, உங்கடை சம்பந்தி உங்களைப் பற்றி எழுதியிருக்கிறார், கேளுங்கோ" என்று சனத்துக்கு நடுவில் உரத்து வாசித்தான். வானத்தில் நட்சத்திர மண்டலங்கள் மோதுவது பற்றிய கட்டுரையாம். கீழே உங்கள் பெயர். அதில் இப்படி இருக்கிறது:

"பெரிய மண்டலமும் சிறிய மண்டலமும் கிட்ட வந்தால், சிறியது தன் உருவத்தை இழக்கும். அதன் கைகள் இழுபட்டு வாலாய் நீளும். ஈற்றில் பெரியது அதனை விழுங்கிவிடும். பெருங்குடியில் சம்பந்தம் கலந்த சிறுகுடியின் கதியும் இதுவேயாம்."

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். தராசைப் பிடித்தவனும் சிரித்தான்.

வருகிற தை மாதம் என் மகன் சீவரத்தினத்துக்கு உங்கள் மகளைக் கலியாணம் செய்துவைப்பதாகப் பேசி முடித்திருக்கிறோம். ஆடியில் உங்கள் வீட்டில் இருந்து கதைத்தபோது நான் கேட்டது ஒன்றுதான். கலியாணத்தின் பின் மீனாம்பிகை படிப்பிக்கப் போவதை விடவேண்டும், எங்கள் வீட்டில் வந்து இருக்கவேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம் என்று எனக்கும் தெரியும். எனக்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு "ஓம்" என்று தலையாட்டிவிட்டு, இன்றைக்கு அச்சடித்து விற்கிறீர்கள். இது என்ன நியாயம் என்று எழுதவும்.

கதிரவேலு

---

உடுவில்
1947 செப்டம்பர் 13

மதிப்புக்குரிய சம்பந்தியார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முப்பது வருடம் பிள்ளைகளின் கட்டுரை திருத்தினவன் நான். வாசித்ததை விளங்காமல் கோபிக்கிற பிள்ளையை வாங்குப் பலகையில் ஏற்றி நிற்க வைப்பேன். தாங்கள் சம்பந்தி, அப்படிச் செய்ய முடியாது.

அது வானத்தைப் பற்றிய கட்டுரை. நட்சத்திர மண்டலம் என்பது கோடானுகோடி வெள்ளிகள், அதாவது நட்சத்திரங்கள், கூடிச் சுழலும் ஒரு கூட்டம். நமது சூரியனும் அப்படி ஒரு கூட்டத்தில் ஒரு வெள்ளி. நமது கூட்டத்துக்கு வெளியே இன்னும் எத்தனையோ கூட்டங்கள் உண்டு. சில வேளை இரண்டு கூட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். உடனே வெடித்துச் சிதறும் என்று தாங்கள் எண்ணலாம். அப்படி இல்லை. சூரியனைக் கடுகளவாக்கி மருதனார்மடச் சந்தியில் வைத்தால், அடுத்த கடுகு கிளிநொச்சியில் இருக்கும். இடையில் வெறும் வெளி. இப்படிப்பட்ட இரண்டு கூட்டங்கள் புகுந்து போனால் கடுகோடு கடுகு முட்டுமா? ஒன்றுகூட முட்டாது என்றே சொல்லலாம்.

சம்பந்தம் பற்றிய வசனம் ஓர் உவமை. வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னால்தான் தெரியாதது விளங்கும். அதில் தங்கள் பெயர் இல்லை, ஊர் இல்லை. பெருங்குடி என்றதும் தாங்கள்தான் என்று தாங்களே எடுத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய?

தம்பிஐயா

---

மருதனார்மடம்
1947 செப்டம்பர் 18

தம்பிஐயா உபாத்தியாயருக்கு,

உம்முடைய கடுகுக் கதை வாசித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று என்னை வாங்கில் ஏற்றப் பார்க்கிறீர். ஏறிநின்றே ஒரு கேள்வி கேட்கிறேன்.

கடுகோடு கடுகு முட்டாதென்றால் இரண்டு கூட்டமும் ஒன்றுக்குள்ளால் ஒன்று போய் அந்தப் பக்கம் வரவேண்டும். சந்தியில் இரண்டு கோயில் திருவிழாச் சனம் எதிரெதிரே வந்தால், கொஞ்சம் நெரிபட்டு, பிறகு அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேருவார்கள். ஒருவரையும் ஒருவர் விழுங்கினதாக நான் கேள்விப்படவில்லை. முட்டவே முட்டாத ஒன்றை மற்றது எப்படி விழுங்கும்? உமக்கு வேண்டினதை வானத்தில் எழுதிவிட்டு அதைச் சாத்திரம் என்கிறீர்.

கட்டுரையைச் சீவரத்தினத்திடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். முழுதும் வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கு அப்பு" என்றான். கந்தோர் உத்தியோகத்தில் இருந்து இருந்து அவனுக்கும் மூளை கெட்டுப்போயிற்று.

நான் சொல்லுகிறதைக் கேளும். மண்டலம் மண்டலத்தை விழுங்குவதில்லை, நான் எழுதியது பிழை என்று அதே பத்திரிகையில் உம்முடைய பெயரில் மறுப்பு வரவேண்டும். கார்த்திகை இதழுக்குள் வரவேண்டும். வராவிட்டால் தை மாதம் என் வீட்டில் பொன்னுருக்கு இல்லை. தாலிக்குப் பொன் உருக்காமல் கலியாணம் நடந்ததை நீர் எங்கும் கண்டிருக்கமாட்டீர்.

கதிரவேலு

---

உடுவில்
1947 செப்டம்பர் 25

கதிரவேலு அவர்களுக்கு,

மறுப்பு எழுதமாட்டேன். ஆனால் நீர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. பதில் சொல்லாமல் விட எனக்கு மனம் இல்லை.

முட்டாமலே இழுக்கலாம். ஒவ்வொரு வெள்ளியும் மற்ற வெள்ளிகளைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. சுவீடன் தேசத்தில் ஒருவர் இதை விளக்குகளைக் கொண்டு பார்த்தார். யுத்தத்தால் அந்தச் செய்தி இங்கே வர ஆறு வருடம் சென்றது. ஒரு விளக்கிலிருந்து இருமடங்கு தூரம் போனால் வெளிச்சம் காற்பங்காகிவிடும். வெள்ளிகளின் இழுவையும் அதே கணக்கில்தான் குறைகிறது. ஆகவே வெளிச்சத்தை அளந்தால் இழுவையை அளந்ததாகும்.

எங்கள் நெல்லறைக்கு யன்னல் இல்லை. பகலிலும் இருட்டு. அதற்குள் இருபது குப்பிவிளக்கை ஒரு வட்டமாகவும், எட்டை இன்னொரு வட்டமாகவும் வைத்தோம். ஒவ்வொரு விளக்கு நிற்கும் இடத்திலும் மற்றவற்றின் வெளிச்சத்தை அளந்து, அந்த அளவுக்கு அதை நகர்த்தி, திரும்ப அளந்து, திரும்ப நகர்த்தினோம். நாலு சனிக்கிழமை போனது. முகமெல்லாம் கரி.

கண்டது இது. இரண்டு வட்டமும் ஒன்றையொன்று ஊடுருவிப் போகின்றன. ஆனால் போகிறபோது ஒன்று மற்றதை இழுத்துக் குலைக்கிறது. குலைந்ததில் வேகம் செலவாகிவிடுகிறது. நீர் சொன்ன திருவிழாச் சனத்துக்கு வீட்டுக்குப் போகக் காலில் பலம் இருக்கிறது, இவற்றுக்கு இல்லை. கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி விழுகின்றன. பிறகு பிரிவதே இல்லை.

இனி உவமைக்கு வருகிறேன். ஆடி மாதம் நீர் கேட்டபோது ஓம் என்றேன். அன்று தொடக்கம் எனக்கு நித்திரை இல்லை. ஆறு வருடமாகக் கணக்குப் படிப்பிக்கிறவளை உம்முடைய அடுப்படியில் கொண்டுபோய் வைக்கக் கேட்டீர். அதை விழுங்குவது என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல? ஓம், அந்த வசனத்தை எழுதும்போது நீர்தான் என் கண்முன் நின்றீர்.

தம்பிஐயா

---

மருதனார்மடம்
1947 ஒக்ரோபர் 2

தம்பிஐயாவுக்கு,

கடைசியில் ஒத்துக்கொண்டீர். நல்லது.

அடுப்படி என்று எழுதியிருக்கிறீர். என் அடுப்படியை நீர் கண்டதில்லை. என் பெண்சாதி நல்லம்மா செத்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. அன்று தொடக்கம் நானும் மகனும் மாறி மாறிச் சோறு ஆக்குகிறோம். ஆக்குகிற சோறு அடிப்பிடிக்கிறது, கறி வேகுவதில்லை. பின்னேரம் தோட்டத்தால் வந்தால் வீடு திறந்தபடி கிடக்கும், உள்ளே ஒரு சத்தமும் இராது. வழக்கத்தை விட்டு மருமகளை இங்கே கேட்டதற்குக் காரணம் அதுதான். உம்முடைய முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதை நீர் விழுங்குவது என்று அச்சடித்து ஊர் முழுவதும் பரப்பினீர்.

உமக்கும் பெண்சாதி இல்லை. ஆனால் உமக்கு மகள் இருக்கிறாள். வழக்கப்படி செய்தால் என் மகனும் உம்மோடு வந்துவிடுவான். பிறகு என் வீட்டில் யார்? யார் யாரை விழுங்குகிறது என்று உம்முடைய விளக்குகளைக் கொளுத்தி நீரே பாரும்.

மறுப்பு வராவிட்டால் பொன்னுருக்கு இல்லை. இனி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

கதிரவேலு

---

உடுவில்
1947 ஒக்ரோபர் 20

கதிரவேலுவுக்கு,

மறுப்பு அச்சுக்குப் போய்விட்டது. வாசகம் கீழே:

"மண்டலங்கள் மோதுவது குறித்து முன்னர் யாம் எழுதியது தவறு. நட்சத்திர மண்டலங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஒன்றையொன்று விழுங்குவதும் இல்லை. கிட்ட வந்தாலும் தத்தம் வழியே போய்விடும். வாசகர் பொறுத்தருள்க."

முப்பது வருடத்தில் பிழையென்று தெரிந்தும் நான் எழுதின முதல் வசனங்கள் இவை. என் மகளுக்கு இருபத்தேழு வயதாகிறது. பேசி முடித்த கலியாணம் குழம்பினால் அவளைப் பற்றி ஊர் என்ன கதைக்கும் என்று உமக்கும் தெரியும். அது தெரிந்துதான் என் கையை முறுக்கினீர். பொன்னுருக்குக்கு நாள் சொல்லும்.

தம்பிஐயா

---

மருதனார்மடம்
1947 நவம்பர் 19

தம்பிஐயா உபாத்தியாயருக்கு,

மறுப்பை இன்று சந்தையில் தேவராசாவைக் கொண்டே வாசிப்பித்தேன். ஆனால் ஒன்று. விழுங்குவதில்லை என்று எழுதத்தானே சொன்னேன்? கலப்பதில்லை என்று எதற்கு எழுதினீர்? வாசித்து முடித்த கையோடு தேவராசா, "அப்ப தத்தம் வழியிலை போறதெண்டால் கலியாணமும் இல்லையோ, அண்ணை?" என்று கேட்டான். திரும்பவும் சிரிப்பு. உம்முடைய வன்மம் மறுப்புக்குள்ளும் இருக்கிறது.

போகட்டும். பொன்னுருக்கு தை பன்னிரண்டாம் திகதி காலை, என் வீட்டில். தட்டாருக்குச் சொல்லிவிட்டேன்.

சீவரத்தினம் மறுப்பை வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தான். அதன்பின் என்னோடு கதை இல்லை. உமக்குக் காரணம் தெரிந்தால் எழுதும்.

கதிரவேலு

---

உடுவில்
1947 நவம்பர் 24

கதிரவேலு அவர்களுக்கு,

காரணம் தெரியும். பொன்னுருக்கை நிறுத்தவேண்டும், தட்டாருக்குச் சொல்லிவிடும்.

அந்தக் கட்டுரையை எழுதியது நான் அல்ல. மீனாம்பிகை எழுதினாள். ஆங்கிலத்தில் வந்ததை வாசித்தவள் அவள், விளக்கு வைத்தவள் அவள், கணக்குப் பார்த்தவள் அவள். எண்ணெய் ஊற்றுவதும் திரி தூண்டுவதும்தான் என் வேலை. வெளிச்சம் அளக்கும் பெட்டியைப் பட்டினத்தில் ஒரு படப்பிடிப்புக் கடையில் இரவல் வாங்கிக் கொடுத்தவர் யாரென்று நினைக்கிறீர்? உம்முடைய மகன். நாலு சனிக்கிழமையும் அவர் எங்கள் நெல்லறையில்தான் இருந்தார். கந்தோரில் வேலை கூட என்று உமக்குச் சொல்லியிருப்பார்.

பெண்பிள்ளையின் பெயர் பத்திரிகையில் வந்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று நான்தான் என் பெயரைப் போட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவளைக் கேளாமல் ஒரு வசனத்தை வெட்டிவிட்டு, உம்மை மனதில் வைத்துச் சம்பந்தம் பற்றிய வசனத்தைச் சொருகினேன். வெட்டிய வசனம் இது: "பெரியதும் தன் உருவத்தை இழக்கும். ஈற்றில் மிஞ்சுவது பெரியதும் அல்ல, சிறியதும் அல்ல, புதிதாய் ஒரு மூன்றாவது மண்டலம்."

விளக்குகளில் கண்டது அதுதான். இருபது விளக்கு வட்டமும் வட்டமாக நிற்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. நீர் உம்முடைய உருவத்தோடு இருக்க, என் மகள் மட்டும் அழிகிறாள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வானமும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மறுப்பு வந்த பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஐயா, இதிலை எது பிழையெண்டு எழுதியிருக்கிறியள்?"

"உன்ரை கலியாணத்துக்காக எழுதினனான், பிள்ளை."

"நீங்கள் சொருகின வசனத்தைப் பிழையெண்டு எழுதியிருந்தால் அந்த மனிசன்ரை கோவம் அண்டைக்கே ஆறியிருக்கும். அதை விட்டிட்டு நான் கண்டதைப் பொய்யெண்டு எழுதியிருக்கிறியள்."

முப்பது வருடத்தில் ஒரு பிள்ளையும் என்னை அப்படிப் பிடித்ததில்லை.

"பொய் எழுதி வாற கலியாணம் எனக்கு வேண்டாம். அங்கையும் எழுதிவிடுங்கோ" என்றாள். எழுதிவிட்டேன். சந்தையில் உம்மைச் சிரிப்புக்கு ஆளாக்கினது அவள் எழுத்தல்ல, என் எழுத்து. அதற்காக உம்மிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் உண்மையைப் பொய் என்று எழுதக் கேட்டவர் நீர். அதற்காக உம்மை நான் மன்னிக்கப்போவதில்லை.

தம்பிஐயா

---

மருதனார்மடம்
1947 நவம்பர் 29

தம்பிஐயா உபாத்தியாயருக்கு,

உம்முடைய கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் புகையிலைப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறப் போனேன். வேண்டுமென்று வைத்தேனா, மறந்து வைத்தேனா என்று என்னைக் கேட்கவேண்டாம். வந்து பார்க்கக் கடிதம் வேறு விதமாக மடித்துக் கிடந்தது.

மறுநாள் காலை கந்தோருக்குப் போன சீவரத்தினம் திரும்பி வரவில்லை. இன்றோடு மூன்று நாள். கந்தோருக்கு ஆள் அனுப்பி விசாரித்தேன், வேலைக்கு வருகிறானாம். வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

நீர் வெட்டின வசனத்தை ஐந்தாறு தரம் வாசித்தேன். அதை முதலே அச்சடித்திருந்தால் சந்தையில் ஒருவனும் சிரித்திருக்கமாட்டான், நானும் உமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கமாட்டேன். படித்தவர் செய்கிற வேலையா அது? அதை நான் மறக்கப்போவதில்லை.

நேற்றும் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன். கை பழகிவிட்டது.

அவன் உங்கை வந்து நிற்கிறானோ? ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு வரி எழுதினால் போதும்.

கதிரவேலு

---

உடுவில்
1947 டிசம்பர் 2

கதிரவேலு அவர்களுக்கு,

ஓம். இங்கே தங்கவில்லை, ஆனால் நாளும் வந்து போகிறார். கந்தோரில் கூட வேலை செய்யும் ஒருவரின் அறையில் படுக்கிறார். பின்னேரத்தில் சைக்கிளில் வந்து விறாந்தையில் இருக்கிறார். முதல் நாள் மீனாம்பிகை வெளியே வரவில்லை. இரண்டாம் நாள் வந்து, "அப்பு தனிய இருக்கிறார், வீட்டை போங்கோ" என்றாள். அவர் போகவில்லை. மூன்றாம் நாள் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

என் மறுப்புக்கு அவள் மறுப்பு எழுதுகிறாள். சுத்தப் பிரதி எடுக்கிறவர் உம்முடைய மகன். நான் வெட்டின வசனம் அதில் முதலாவதாக நிற்கிறது. அவள் பெயரில் அச்சாகும். பத்திரிகைக்காரருக்கு நானே எழுதிவிட்டேன். தேவராசா சந்தையில் அதையும் வாசிப்பான், நீர் ஆயத்தமாய் இரும்.

நேற்று இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் வந்தார்கள். கலியாணம் நடக்கும் என்றார்கள். என்னைக் கேட்கவில்லை, சொன்னார்கள். அவள் படிப்பிப்பதை விடமாட்டாள் என்று உம்முடைய மகன்தான் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோஷம். கதிரவேலு தோற்றுவிட்டார், மாப்பிள்ளை இங்கே வந்துவிடுவார், என் மகள் என்னோடுதான் என்று நினைத்தேன். இதையும் மறைக்காமல் உமக்கு எழுதுகிறேன்.

அந்தச் சந்தோஷத்தில், பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில் நடப்பதுதானே முறை, உம்முடைய வீட்டில் வைக்க உமக்கு எழுதட்டோ என்று பெரிய மனதோடு கேட்டேன்.

"வேண்டாம், ஐயா. எங்கடை வீட்டிலை வைப்பம்" என்றாள்.

சரி, நெல்லறையை ஒதுக்கிவிட்டால் ஐம்பது பேர் இருக்கலாம் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பட்டினத்துக்குக் கிட்ட, திருநெல்வேலியில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார்களாம். எங்கடை வீடு என்று அவள் சொன்னது அதைத்தான்.

தம்பிஐயா